ஒரே பக்கம், இரண்டு மாடி

நம் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும். ஒரே பக்கத்தைத் தட்டச்சு செய்கிற இரண்டு பேரை ஏன் இரண்டு மாடிகளில் உட்காரவைக்கிறார்கள்? சாப்பாட்டு நேரம்கூட ஏன் வேறு வேறு? உங்கள் ஜோடி யார் என்று உங்களுக்கே ஏன் சொல்வதில்லை? "ஜெயில் மாதிரி இருக்குக்கா" என்று போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஏற்பாடு வருவதற்குக் காரணமானவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

புதியவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதினால் அப்போது எனக்கு ஜோடியாக இருந்த கோதைக்குச் சங்கடமாகுமோ, ஸ்கேனிங் அறையில் இருந்த தேவசகாயத்துக்குப் பழைய புண்ணைக் கிளறினதுபோல ஆகுமோ என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் தனித்தனியாகச் சரி என்றார்கள். 'தனித்தனியாக' என்று நான் அழுத்திச் சொல்வது ஏன் என்பது படித்து முடிக்கும்போது புரியும்.

என் பெயர் பேச்சியம்மாள். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் துணி பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும். மேலே மெல்லிய துணி ஓடும். இழை விட்டுப்போன இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனபோது, தெரு முனையில் இருந்த தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்தேன். அர்த்தம் தெரியாமலே இங்கிலீஷை வேகமாக அடிக்கப் பழகினேன். அந்த வேகத்தை நம்பித்தான் இந்த அலுவலகத்தில் எனக்கு வேலை கொடுத்தார்கள்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். உலகத்தில் எங்கெங்கோ நிலத்தைத் துளைத்தவர்கள், பாறையை உடைத்துப் பார்த்தவர்கள், எண்ணெய் தேடியவர்கள், தாங்கள் கண்டதை எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டுரை, அறிக்கை, வரைபடம் என்று எண்ணி மாளாது. அது ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு பதிவு போடுகிறோம். யார் எழுதினார், எந்த இடம், என்ன கனிமம், எவ்வளவு ஆழம். தேடுகிறவர் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த இடத்தைப் பற்றி எழுதினதெல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும். இடத்தைத் தப்பாகப் போட்டுவிட்டால் அந்த அறிக்கை தொலைந்துபோகாது. அது இருந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் தேவைப்படுகிறவர் கண்ணுக்குப் படாது. தொலைந்துபோவதைவிட அது மோசம் என்று எனக்கு ரொம்பப் பிந்தித்தான் விளங்கியது.

தப்பு வராமல் இருக்கத்தான் இரட்டைப் பதிவு. ஸ்கேன் செய்த ஒரே பக்கத்தின் படத்தைப் பார்த்து இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். ஒத்துப்போகாத இடத்தைக் காட்டும். மூன்றாவது ஆள் ஒருவர் மூலப் பக்கத்தைப் பார்த்து எது சரி என்று முடிவு செய்வார். படத்தில் எழுத்து தெரியவில்லையென்றால் மூன்று கேள்விக்குறி அடிக்க வேண்டும். மூன்று கேள்விக்குறி வந்தால் பக்கம் கீழே ஸ்கேனிங் அறைக்குத் திரும்பிப் போகும். அங்கே தேவசகாயம் அதை மறுபடியும் படமெடுப்பார்.

அப்போது நான் சேர்ந்து ஏழு வருஷம்; ஒரு தடவைகூட மூன்று கேள்விக்குறி அடித்ததில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உள்ளுக்குள் அது பயம். என்னைச் சுற்றி எல்லாரும் டிகிரி படித்தவர்கள். தெரியவில்லை என்று நான் எழுதினால், எழுத்து மங்கலாக இருந்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள், பேச்சிக்குத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள் என்று எனக்கு எண்ணம்.

அந்த நாளில் ஜோடிகள் ஒரே கூடத்தில் முதுகுக்கு முதுகு உட்காருவோம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ஒவ்வொரு ஜோடியின் பெயருக்கு எதிரே அந்த வாரம் ஒத்துப்போகாதவை எத்தனை, கேள்விக்குறிகள் எத்தனை என்று எழுதுவார்கள். குறைவாக வாங்கின ஜோடிக்குப் பொங்கல் விடுமுறையை முதலில் தேர்ந்தெடுக்கிற உரிமை. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தப் பலகையைக் கடந்துதான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும்.

கோதை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பாறைகளைப் பற்றிய நிலவியல் படிப்பில் முதுகலை. வந்து மூன்றாவது மாதத்தில் எனக்கு ஜோடியாகப் போட்டார்கள். பயந்த பெண். ஒருநாள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா, நாப்பதாவது வரி. ஒண்ணா, ஏழா?"

"ஏழு மாதிரிதான்டி இருக்கு."

அவ்வளவுதான். மறுநாள் நான் கேட்டேன். அதற்கு மறுநாள் அவள். அது தப்பு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒரு கை கொடுப்பதுபோலத்தான் இருந்தது. பலகையில் எங்கள் பெயருக்கு எதிரே சைபர் விழ ஆரம்பித்தது. வாரக்கணக்கில் சைபர். தேவசகாயம் மேலே வரும்போதெல்லாம் பலகையைப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்வார்.

"என்னக்கா, ரெண்டு பேரும் ஒரே மூளையை வச்சுக்கிட்டு ஷிப்டு மாத்திக்கிடுறீகளா?"

"உமக்கு வயித்தெரிச்சல் தம்பி."

"எனக்கென்ன, நீங்க கேள்விக்குறி போடலைன்னா எனக்கு வேலை மிச்சம். ஆனா ஒண்ணு. தெரியலைன்னா கூச்சப்படாமக் கீழ சொல்லி விடுங்க. லைட்டைச் சாச்சு வச்சு எடுத்தா, மங்கலும் எந்திரிச்சு நிக்கும்."

சொன்னார். நன்றாகவே சொன்னார். நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. வெளிநாட்டில் ஓரிடத்தில் முன்னொரு காலத்தில் தோண்டி, பிறகு கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிய பழைய அறிக்கை. பெரிய மடிப்புத் தாளில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு கிணற்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம். தாளின் மடிப்பு மேலிருந்து கீழாகத் தீர்க்கரேகை வரிசைக்குள்ளேயே இறங்கியிருந்தது. ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது இலக்கத்தின் மேல் ஒரு கறுப்பு நிழல். மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். உண்மையைச் சொன்னால், எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டு நாற்காலிகளும் பின்னால் நகர்ந்தன. எட்டு என்ற சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இருவரும் எட்டு அடித்தோம். கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாம் ஒத்துப்போகிறது என்று பச்சை காட்டியது. மூன்றாவது ஆளிடம் அது போகவே இல்லை. பத்து நாளில் அந்த மூலப் புத்தகம் மற்ற புத்தகங்களோடு பெட்டியில் அடைபட்டு, வந்த நூலகத்துக்கே கப்பலேறிப் போய்விட்டது.

ஏழு மாதம் கழித்து வாடிக்கையாளரிடமிருந்து கடிதம் வந்தது.

அந்த அறிக்கை சொன்ன ஊரில் ஓரிடத்தில் வீடுகள் கட்டப் போகிறார்கள். அடித்தளம் போடுவதற்கு முன் அந்த மண்ணைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நம் தரவுத்தளத்தில் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை. அடியில் பழைய கிணறு எதுவும் இல்லை என்று முடிவு செய்து வேலையைத் தொடங்க இருந்த நேரம். அங்கே ஒரு வயதான நிலவியலாளர், "இல்லையே, இங்கே கிணறு தோண்டினார்களே, அதைப் பற்றி ஓர் அறிக்கைகூட உண்டே" என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியர் பெயரை வைத்துத் தேடினால் அறிக்கை கிடைத்தது. ஆனால் வரைபடத்தில் அந்தக் கிணறுகள் ஐந்து பாகை தள்ளி, வேறொரு மாகாணத்தில் போய் உட்கார்ந்திருந்தன. சரியாக மூடாமல் விட்ட எண்ணெய்க் கிணற்றிலிருந்து வாயு கசியும். அதன்மேல் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று கடிதத்தில் அவர்கள் விவரிக்கவில்லை. விவரிக்கத் தேவையும் இல்லை. அந்தப் பெரியவருக்கு ஞாபகம் வராமல் இருந்திருந்தால் என்ற ஒரு வரியோடு அந்தப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எழுதியிருந்ததுதான் எங்களைப் பிடித்தது. இது எப்படி நடந்தது, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை?

வெள்ளிக்கிழமை மேனேஜர் எல்லாரையும் கூடத்தில் கூட்டினார். கையில் அந்தப் பக்கத்தின் படம்.

"ஒருத்தர் தப்பாப் படிக்கலாம். நானே படிப்பேன். ஆனா ரெண்டு பேரு, தனித்தனியா, அத்தனை வரியிலயும் ஒரே தப்பைப் படிப்பாங்களா? அதுவும் பேச்சியம்மாளும் கோதையும். இந்தப் பலகையைப் பாருங்க. அப்போ கோளாறு படத்துலதான் இருக்கு. படம் அப்படித்தான் காட்டியிருக்கு."

எல்லாரும் தேவசகாயத்தைப் பார்த்தார்கள்.

"சார், மடிப்பு புஸ்தகத்துலயே இருந்துச்சு. நான் ரெண்டு தடவை எடுத்தேன்."

"சரி. புஸ்தகம் எங்க?"

புத்தகம் இல்லை. அவருக்குச் சாட்சி கடலுக்கு அப்பால் ஒரு நூலக அலமாரியில் இருந்தது. நூலகத்துக்கு எழுதிக் கேட்டிருப்பதாக மேனேஜர் சொன்னார். அவர்கள் பதில் போட வாரங்கள் ஆகும். வாடிக்கையாளருக்குத் திங்கட்கிழமை பதில் போக வேண்டும்.

"திங்கக்கிழமை முடிவு சொல்றேன், தேவசகாயம். அதுவரைக்கும் மெஷினைத் தொட வேண்டாம்."

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வைத்திருந்த ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு இங்கே வந்தவர். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் இந்த ஊரில் அவருக்கு இன்னொரு வேலை கிடைப்பது கஷ்டம். பழைய காகிதத்தைப் படமெடுக்கிற கைத்திறனை வைத்துக்கொண்டு நூல் மில்லில் போய் என்ன செய்வார்?

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எங்கள் இரண்டு பேரின் தப்பு ஒன்றாக இருந்ததே அவருக்கு எதிரான சாட்சி ஆனது. நாங்கள் மாறுபட்டிருந்தால் மூன்றாவது ஆள் பார்த்திருப்பார். பக்கம் கீழே போயிருக்கும். புத்தகம் அப்போது இங்கேதான் இருந்தது. அவர் விளக்கைச் சாய்த்திருப்பார். அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் என் மேசைக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடாதீக. அந்தப் பக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எதுக்குத் தம்பி?"

"எட்டுன்னு தெளிவாத் தெரிஞ்சுச்சா? எனக்கு அது நெழலாத்தான் தெரிஞ்சுச்சு. நீங்க ரெண்டு பேரும் தனித்தனியாப் பார்த்து எட்டுங்கிறீக. அப்போ என் கண்ணுலதான் ஏதோ கோளாறு. காலைல கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வாரேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்காம். ஆனா டாக்டருக்கு என்னக்கா தெரியும், நம்ம வேலை எம்புட்டு நுணுக்கம்னு?"

பழி சுமத்தப்பட்டவர் பழியை நம்ப ஆரம்பித்துவிட்டார். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என்னைக் குற்றம் சாட்டினால் என்ன சொல்லலாம், மறுத்தால் எப்படி மறுக்கலாம் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். 

"ஞாபகம் இல்லை தம்பி" என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் செய்த தப்புகளில் எட்டு அடித்தது இரண்டாவதுதான். முதலாவது இது.

கம்பெனியில் துணி பார்த்த காலத்தில் எங்களில் சிலர் ஒரு வேலை செய்வோம். இழை விட்டுப்போன இடம் தெரிந்தால், அடையாளம் வைக்காமல், பக்கத்து இழைகளை நகத்தால் மெல்ல நகர்த்தி ஓட்டையை மூடிவிடுவோம். மேசை விளக்கில் பார்த்தால் துணி நெருக்கமாக, அழகாக இருக்கும். தண்ணீர் பட்டதும் இழைகள் பழைய இடத்துக்கே போய்விடும். ஓட்டை புண்ணின்மேல் போய்த் திறக்கும். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அதுதான் ஞாபகம் வந்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் என் நகம் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஒப்புக்கொண்டுவிடலாம் என்று முடிவு செய்தது அந்த நடையில்தான். ஆனால் ஒப்புக்கொள்வதிலும் ஒரு சிக்கல். தனியாக ஒப்புக்கொள்ள முடியாத தப்பு அது. "நான் கேட்டேன்" என்று சொன்னால், யாரிடம் என்ற கேள்விக்குப் பதில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன்.

தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவில் கோதையின் வீடு. அவள் மாடி அறையில் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கத்தில் நிலவியல் வேலைக்கான தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தாள்.

என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லிருவோம்டி" என்றேன்.

"உங்க பேரை மட்டும் சொல்லிக்கிடுங்கக்கா."

"எப்படிட்டி முடியும்? குசுகுசுன்னு பேச ரெண்டு வாய் வேணும்லா?"

அவள் பேனாவை மூடி மூடித் திறந்தாள். "ரெண்டு மாசம் பொறுங்க. பரீட்சை முடியட்டும். பொறவு நானே வந்து சொல்லுதேன்."

"அதுக்குள்ள அந்த மனுசன்?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கோபமாகவே கேட்டாள். "அக்கா, அன்னைக்கு நீங்க நிச்சயமாத்தானே இருந்தீக? ஏழு வருசம் பார்த்தவுக, தெரிஞ்சுதான் சொல்றீகன்னு நான் நெனச்சேன்."

"நான் ஒம்பதாம் கிளாஸைத் தாண்டாதவ. நீ பாறையப் பத்திப் படிச்சவ. உனக்கு அந்த ஊரு, அந்த ரேகை எல்லாம் தெரிஞ்சிருக்கும்னுல்ல நான் நெனச்சேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை மாதம் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறோம். இரண்டு பேருக்கும் பின்னால் சுவர் இல்லை.

கோதையின் அம்மா காப்பி கொண்டுவந்தார். "என்ன, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீக? ஆபீசுல ஒங்க பேருதான் மொதல்ல இருக்குன்னு இவ பெருமையாச் சொல்லுவாளே?"

காப்பியைக் குடித்தேன். ஒன்றும் முடிவாகவில்லை. வாசல்வரை வந்து கோதை கேட்டாள். "நாளைக்கு என்ன சொல்லப்போறீக?"

"தெரியலட்டி."

திங்கட்கிழமை எட்டரைக்கே போய் மேனேஜர் அறை வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்கவிடாமல் கையைக் காட்டினார்.

"எதுவும் பேசாதீங்க. நேத்து முழுக்க உங்க ரெண்டு பேரோட பதிவையும் எடுத்துப் பார்த்தேன். மங்கலான பக்கம் எத்தனையோ வந்திருக்கு. மத்த எல்லா ஜோடியும் அதுல முட்டிக்கிட்டு நிக்குது. நீங்க ரெண்டு பேரு மட்டும் ஒரு இடத்துலகூட முட்டலை. மனுசங்க அப்படி இருக்க மாட்டாங்க."

பிறகு என் முன்னால் ஒரு தாளை வைத்தார். மூன்று கேள்விகள். அந்த இலக்கத்தை நீங்கள் தனியாகப் படித்தீர்களா? இல்லையென்றால், எட்டு என்று முதலில் சொன்னது யார்? அப்போதே படம் சரியில்லை என்று தோன்றியதா?

"இதே தாள் மேல்மாடி ஸ்டோர் ரூம்ல கோதைகிட்டயும் இருக்கு. இதுவும் இரட்டைப் பதிவுதான். இந்தத் தடவையாவது தனித்தனியா எழுதுங்க."

கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

புதியவர்களே, வேலையில் பயம் எத்தனையோ தடவை வரும். ஆனால் அந்த அரை மணி நேரம் போல எனக்கு வந்ததில்லை. கோதை 'தனியாகப் படித்தேன்' என்று எழுதினால், நான் எழுதுகிற உண்மை அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடும். நானும் அப்படியே எழுதினால் மறுபடியும் ஒத்துப்போகும். மறுபடியும் பச்சை விளக்கு. ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்கத் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். அவள் என்ன எழுதுவாள், அவள் என்ன எழுதுவாள் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. பழக்கத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அது சுவரில் போய் இடித்தது.

அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெளிந்தது. அவள் என்ன எழுதுவாள் என்பது என் தாளில் இருக்கிற கேள்வி இல்லை. என் தாளில் இருந்தது நான் என்ன பார்த்தேன் என்பது மட்டும்தான். ஏழு வருஷமாக அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதை அன்றைக்குத்தான் முதல் தடவை செய்தேன்.

முதல் கேள்விக்கு: இல்லை, கேட்டுக்கொண்டோம். மூன்றாவதுக்கு: ஆமாம், அப்போதே தோன்றியது. கேள்விக்குறி போடப் பயந்தேன். இரண்டாவதுக்கு: நான்.

இரண்டு தாள்களையும் மேனேஜர் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோதையும் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. முதல் கேள்விக்கு அவளும் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். மூன்றாவதுக்கும் 'ஆமாம்'. அவர் நீண்ட நேரம் இரண்டாவது கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே தேவசகாயத்தைக் கூப்பிட்டு எங்கள் இருவர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். தேவசகாயம் எங்களைத் திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. "டாக்டரு சொன்னப்ப நம்பலக்கா. இப்ப நம்புறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதற்கப்புறம் பல மாதம் என்னோடு கிண்டல் பேசவில்லை. அந்தக் கிண்டல் திரும்பி வந்த நாளை நான் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறேன். நூலகத்திலிருந்து ஒரு மாதம் கழித்துப் புதுப் படம் வந்தது. மடிப்பு புத்தகத்திலேயேதான் இருந்தது. விளக்கைச் சாய்த்து எடுத்திருந்தார்கள். மூன்று என்று தெளிவாக எழுந்து நின்றது.

வெள்ளைப் பலகையை மேனேஜரே கழற்றினார். தன் பங்குத் தப்பு அது என்று கூட்டத்தில் சொன்னார். ஜோடிகளை இரண்டு மாடிகளுக்குப் பிரித்ததும் அப்போதுதான். என்னை ஒரு வருஷம் தலைப்பு மட்டும் அடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். கோதைக்குச் சான்றிதழ் கிடைத்தது, புகழ்ச்சி ஒரு வரி இல்லாமல், சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் மட்டும் போட்டு. அந்த வருஷத் தேர்வில் அவள் தேறவில்லை. அடுத்த தடவை தேறினாள். இப்போது மலையும் பாறையுமாக வேறெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எட்டு என்று முதலில் சொன்னது யார்? நான் 'நான்' என்று எழுதியிருந்தேன். கோதையும் 'நான்' என்றுதான் எழுதியிருந்தாள்.

"இது என்ன?" என்றார் மேனேஜர். "ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்துறீங்களா?"

"இல்ல சார்" என்றாள் கோதை. "நான்தான் 'எட்டுக்கா'ன்னு சொன்னேன். அக்கா 'ம்'னாங்க."

"இல்லட்டி, நான்தான் எட்டு போல இருக்குன்னேன். நீ அடிச்ச."

"இல்லக்கா."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு."

நாங்கள் பொய் சொல்லவில்லை. அவள் மனசில் அவள் குரல். என் மனசில் என் குரல். ஒருவரை ஒருவர் கேட்டு அடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குள் வந்த முதல் மாறுபாடு அதுதான்.

மேனேஜர் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய விசாரணைப் பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்தார். எங்கள் இரண்டு தாள்களையும் பார்த்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தார். இரண்டாவது கேள்வியின் கட்டத்தில் நிறுத்தினார். கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு கீபோர்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பேச்சியம்மாள், ரெண்டும் ஒத்துப்போகலை. மூணாவதாப் பார்த்த ஆளும் யாரும் இல்லை. இதுக்கு என்ன போடணும்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே அடிங்க."

என் விரல் அந்தக் குறியைத் தேடியது. ஏழு வருஷத்தில் என் கீபோர்டில் அந்த விசை மட்டும் கொஞ்சம்கூடத் தேய்ந்ததில்லை.

மூன்று தடவை அழுத்தினேன்.